சூடு ஆறும் முன் திறந்த கதவு

அன்றைக்கு உனக்குச் சோறு போடும்போது முதலில் என் கண்ணில் பட்டது உன் வலது முன்கைதான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் முடி கருகிச் சுருண்டிருந்தது. நான் வேலை பார்க்கும் மெஸ்ஸில் பெரிய அடுப்பு ஒருமுறை குபீரென்று பிடித்தபோது என் கையிலும் அப்படித்தான் ஆனது. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் இரண்டு நாளைக்குப் போகாது. நீ குளித்து, தலை துவட்டி, வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ரசம் ஊற்றக் குனிந்தபோது அந்த நாற்றம் வந்தது. என்ன சாமி இது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நீ, "செல்வத்துக்கு அடிபட்டுப் போச்சும்மா. எஞ்சின் வெடிச்சிருச்சு" என்றாய். கேட்க வந்ததை விட்டுவிட்டேன். மறந்துபோனேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. தள்ளி வைத்தேன்.

நீ ஊரை விட்டுப் போய் இன்றோடு ஆறு நாள் ஆகிறது. ஒடிசாவில் நல்ல அறை கொடுத்திருக்கிறார்கள், சாப்பாட்டில்தான் கடுகெண்ணெய் வாசம் என்று போனில் சொன்னாய். நான் உம் கொட்டினேன். போனில் எப்போதும் அப்படித்தான். நீ பேசுவாய், நான் கேட்பேன். உனக்குப் பேச வரும், எனக்கு வராது. நாலு பேர் எதிரில் என் பேரைச் சொல்லக்கூட என்னால் முடியாது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவள் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். இதை நீ ஒளித்து வைக்க வேண்டியதில்லை. உன்னோடு அறையில் இருக்கும் பிள்ளைகள் படித்தாலும் சரி, அவர்களைப் பெற்றவர்கள் படித்தாலும் சரி. நேற்று நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அது உனக்குக் கம்பெனிக்காரர்கள் வாயால் தெரிவதற்கு முன்னால் என் கையால் தெரிய வேண்டும். ஆனால் அதை முதலில் சொன்னால் நீ மீதியைப் படிக்க மாட்டாய். அதனால் நடந்தது நடந்தபடி வருகிறேன்.

டிப்ளமோ முடித்து நீ அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? உங்கப்பா போன பிறகு இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். ரயிலில் ஓய்வு கொடுத்த பழைய டீசல் எஞ்சின்கள் இரண்டை உங்கள் முதலாளி வாங்கி, மஞ்சள் பெயின்ட் அடித்து, ஒரு பெரிய ஆலையின் சொந்தத் தண்டவாளத்தில் வேகன் இழுக்கக் குத்தகைக்கு விட்டிருந்தார். முதலாளி அதுவரை போர்வெல் ரிக் வண்டி ஓட்டியவர். அவரோடு வந்த மெக்கானிக்குகள் எல்லாரும் திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக்கிலும் லாரியிலும் கை பழகியவர்கள். படித்த பையன் நீ ஒருவன்தான். வந்த மூன்றாம் வருஷமே சூப்பர்வைசர் ஆனாய். "லாரி எஞ்சின் மாதிரி பத்து எஞ்சினை ஒண்ணாக் கட்டிப்போட்டா எப்படியிருக்கும், அப்படியிருக்கும்மா" என்று கையை விரித்துக் காட்டினாய். எனக்குப் புரிந்ததோ இல்லையோ, உன் கை அகலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செல்வத்தை நீதான் வீட்டுக்குக் கூட்டிவந்தாய். முதல் நாள் அவன் வாசலிலேயே நின்றான். கிரீஸ் காலோடு உள்ளே வரக் கூச்சப்பட்டான். அடுக்களையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலிருந்தே காதைச் சாய்த்துக் கேட்டவன், "அம்மா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று உள்ளே வந்து, மோட்டாரில் புறங்கையை வைத்துப் பார்த்தான். "பேரிங் போச்சுங்கம்மா. சூடு ஒரு பக்கமாத்தான் இருக்குது பாருங்க. ஆறிப்போச்சுன்னா கண்டுபுடிக்க முடியாது" என்றான். மறுநாளே புது பேரிங் வாங்கி வந்து போட்டுக் கொடுத்தான். காசு கொடுத்தபோது, "அதுக்குப் பதுலா ஞாயித்துக்கிழமை கோழிக் கொழம்பு வைங்க, மாப்ள பேரச் சொல்லி நானும் நாலு துண்டு திங்கறேன்" என்று சிரித்தான். நீ அவனை மாப்ள என்றாய், அவன் உன்னை மாப்ள என்றான். கவிதாவைக் கட்டிக்கொண்ட பிறகு அவளும் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். குழந்தை பிறந்த பிறகு மூன்று பேராக வந்தார்கள். அந்தப் பிள்ளை முதலில் நடந்தது நம் வீட்டு நடையில்தான்.

ரிக்குக்காரர்களுக்கு அது ஒரு வழக்கம். நடுக்காட்டில் எஞ்சின் நின்றுபோனால் உடனே மூடியைத் திறந்து ஒவ்வொரு இடமாகக் கை வைத்துப் பார்ப்பார்கள். எது கொதிக்கிறதோ அதுதான் போனது. ஆறிவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், முழுக்கப் பிரிக்க வேண்டும், ஒரு நாள் வேலை கெடும். அந்தக் கூட்டத்தில் செல்வத்தின் கைக்குத் தனிப் பேர். "செல்வம் கை வச்சாச்சா? அப்புறம் என்ன பேச்சு" என்பார்களாம். இதையும் நீதான் பெருமையாகச் சொன்னாய்.

இன்னொன்றும் சொன்னாய். ஒரு நாள் நான் குக்கரை இறக்கிவைத்து, ஆவி அடங்குவதற்குள் மூடியைத் திறக்கப் போனபோது ஓடிவந்து என் கையைப் பிடித்தாய். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து பாடம் எடுத்தாய். உங்கள் எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி, அதற்குள் எண்ணெய், அதில் ஒரு தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கேயாவது ஒரு பேரிங் எண்ணெய் இல்லாமல் காய்ந்து கொதித்தால், அந்தச் சூட்டில் எண்ணெய் புகையாகிப் பெட்டிக்குள் நிறையும். அழுத்தம் ஏறினால் எஞ்சின் தானாக நின்றுவிட ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அப்படி நின்றால் மறுபடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது, அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் கதவுகளைத் திறக்கவும் கூடாது. இரண்டு மணி நேரமாவது ஆற விட வேண்டும். "ஏன் தெரியுமாம்மா? உள்ள புகையும் சூடும் இருக்குது, காத்து மட்டும் இல்ல. கதவத் திறந்தா காத்து உள்ள போவும். அவ்வளவுதான். குண்டு மாதிரி" என்றாய். எட்டாவது படித்த எனக்கே புரிகிற மாதிரி சொன்னாய். அன்றைக்கு, என் பிள்ளை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆளாகிவிட்டான் என்று நினைத்தேன்.

செல்வத்துக்கு அடிபட்ட வாரம் அந்த எஞ்சின்களில் ஒன்று இரண்டு முறை தானாக நின்றது. எனக்குத் தெரியும். இரண்டு முறையும் நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "ஒண்ணுமாகாது, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க, ஓடும்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். குக்கர் பாடம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் முறை நின்றபோது பட்டப்பகல். நீ எனக்குச் சொன்ன கதை இது: எஞ்சின் நின்றது, நீ எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு கேட்டுக்கு வெளியே டீ குடிக்கப் போனாய், செல்வம் பழக்கதோஷத்தில் தானாகப் போய்க் கதவைத் திறந்துவிட்டான், தீ அடித்து, கதவு பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. முகம், கழுத்து, இரண்டு கை. சொல்லிவிட்டு நீ அழுதாய். நான் உன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்: "நீ நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா கவிதாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லும்மா. கம்பெனிக்காரங்க சொன்னா அவ நம்ப மாட்டா. நீ சொன்னா நம்புவா."

நான் போனேன். சேலத்தில் தீக்காய வார்டுக்கு வெளியே கவிதா தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையை அவள் அம்மா வீட்டில் விட்டிருந்தாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலிக்கிறது என்றாள். நான் முதுகை நீவிவிட்டேன். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். நீ சொன்ன அளவோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அவன் கை சும்மா இருக்காது கண்ணு, உனக்கே தெரியும். எம்பையன் மட்டும் பக்கத்துல இருந்திருந்தா விட்டிருப்பானா?" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "ஆமாங்கம்மா. ஊட்லயும் அப்படித்தான், அடுப்பு மேல இருக்கற சட்டியக் கையாலயே எறக்கும்" என்றாள். அவன் மேல் அவளுக்குக் கோபம் வந்ததை நான் பார்த்தேன். அந்தக் கோபத்தை நான்தான் அவள் கையில் கொடுத்தேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில், நல்லபடியாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

பிறகு பன்னிரண்டு நாள். மெஸ் வேலை முடிந்ததும் தூக்குப் போசியில் சோறு எடுத்துக்கொண்டு நான் போய்வந்தேன். செல்வத்தின் தொண்டையில் குழாய் இருந்தது, பேச முடியாது. நடுவில் ஒரு நாள் உங்கள் மேனேஜர் காகிதத்தோடு வந்தார். செல்வம் சொல்பேச்சை மீறித் தானாகவே திறந்தான், இதில் யார் மேலும் எங்களுக்குப் புகார் இல்லை, ஆஸ்பத்திரி செலவைக் கம்பெனி இரக்கப்பட்டுப் பார்த்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தது. கவிதா என்னைப் பார்த்தாள். "போட்டுரட்டுங்களாம்மா?" என்றாள். "போடு கண்ணு, செலவாவது நிக்காம நடக்கும்" என்றேன். அவளோ, "அவரு வாயத் திறக்கட்டுங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன்" என்று காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். மேனேஜர் வெளியே போகும்போது, "உங்க பையன்தாங்கம்மா எங்களுக்குப் பெரிய பலம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பூரித்துப்போனேன். எழுதவே கை கூசுகிறது.

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்துவிட்டார்கள். கவிதா இளநீர் வாங்கக் கீழே போயிருந்தாள். நான் மட்டும் உள்ளே நின்றேன். கட்டுக்குள்ளிருந்து கண்ணும் உதடும் மட்டும்தான் தெரிந்தன. குரல் காற்றுப் போன டயர் மாதிரி வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். "மாப்ளைக்கு ஒண்ணும் ஆகலீங்களேம்மா?" என்றான். "அவனுக்கு என்ன சாமி, நல்லா இருக்கறான்" என்றேன். "நல்லவேளைங்க. எம்பட பக்கத்துலதான் டார்ச் புடிச்சுட்டு நின்னான். கதவு அவம்மேல அடிச்சிருச்சோன்னு… இத்தன நாளும் அதே நெனப்புங்க" என்றான்.

அதற்குள் கவிதா வந்துவிட்டாள். நான் போசியைக்கூட எடுக்காமல் பஸ் ஏறினேன். எத்தனை நிறுத்தம் போனது என்று தெரியவில்லை. இறங்க வேண்டிய சங்ககிரியைத் தாண்டி இரண்டு ஊர் போய் இறங்கித் திரும்பி வந்தேன். தன் உடம்பெல்லாம் வெந்து கிடக்கிறவன் பன்னிரண்டு நாளாக உன்னை நினைத்துப் பயந்துகொண்டு கிடந்திருக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலம் நாம் பேசியதை நீ வேறு மாதிரி நினைவு வைத்திருப்பாய். எனக்கு இருக்கிற மாதிரி எழுதுகிறேன். நீ பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாய். உனக்குச் சம்பளம் ஏற்றி ஒடிசா சைட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தாய். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று, "நீ டார்ச் புடிச்சுட்டு நின்னியாமே" என்றேன். சட்டையை மடித்துக்கொண்டே "யாரு சொன்னா?" என்றாய். "செல்வம்." "அவனுக்கு மருந்து மயக்கம்மா." "கையைக் காட்டு" என்றேன். நீ காட்டவில்லை. அன்றைக்கு வீட்டுக்குள்ளேயும் முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தாய்.

அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாய். "என்னம்மா பண்ணச் சொல்ற? நாந்தான் திறக்கச் சொன்னேன்னு எழுதிக் குடுத்தா என்னைய உள்ள தள்ளுவாங்க. அவன் கை திரும்பி வந்துருமா? வேகனெல்லாம் நிக்குது, மேனேஜர் நிமிஷத்துக்கு ஒருக்கா போன் பண்றான். ரெண்டு மணி நேரம் ஆற விட்டா எது போச்சுன்னே தெரியாது. செல்வமே அதத்தான சொல்லுவான்? 'ஒருக்கா கை வச்சுப் பாரு மாப்ள'ன்னேன். அவனும் சிரிச்சுட்டுத்தான் திறந்தான். அது அவன் வழக்கந்தான?" என்றாய். நான் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "குக்கரை வச்சு எனக்குச் சொன்னியே, அத அவங்கிட்ட எப்பவாச்சும் சொன்னியா?" நீ எழுந்து பெட்டிக்குள் துணியை அடுக்க ஆரம்பித்தாய். அந்த எஞ்சினின் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது, உன் மேசை இழுப்பறையில் இருந்தது. அவன் உன்னை நம்பிக் கை வைத்தான். தெரிந்த நீ ஓரடி பின்னால் நின்று வெளிச்சம் காட்டினாய்.

அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் சாமி, என் நெஞ்சில் நிற்கிறது. "நீயே கவிதாகிட்ட சொல்லிப்போட்டயில்ல. இப்பப் போயி மாத்திச் சொன்னா உன்னத்தான் பொய்க்காரிம்பாங்க" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்துக்கு விடை சொல்கிற மாதிரி சொன்னாய். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. முதல் நாளே, அழுது முடித்த கையோடு, யார் சொன்னால் அவள் நம்புவாள் என்று யோசித்து என்னை அனுப்பியிருக்கிறாய். பயத்தில் ஒரு பொய் சொல்வதை என்னால் புரிந்துகொள்ள முடியும். பெற்றவளின் வாயை எடுத்து அதற்குப் பூட்டாகப் போட்டதைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. உன்னை வயிற்றில் சுமந்தபோதும், உங்கப்பா போன பிறகு மெஸ்ஸில் பாத்திரம் கழுவியபோதும் எனக்கு வராத களைப்பு அன்றைக்கு வந்தது. மறுநாள் விடியற்காலை நீ கிளம்பினாய். "வாரேம்மா" என்றாய். நான் வாசல் வரைக்கும் வந்தேன், திருநீறு வைத்துவிட்டேன். பழக்கம், கை தானாகப் போனது.

உன்னைத் திட்ட நான் உத்தமி இல்லை. இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எட்டாவது முடிந்ததும் என்னை எடப்பாடியில் ஒரு தறிப்பட்டறையில் சேர்த்தார்கள். பள்ளியில் ஆஜர் சொல்லக்கூடக் குரல் எழும்பாத பெண் நான். தறிச் சத்தத்துக்குள் யாரும் என்னைப் பேசச் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பக்கத்துத் தறியில் ராணி. என்னைவிட ஒரு வயசு மூத்தவள். என் சார்பாகவும் சேர்த்து அவளே பேசுவாள். அவள் தறியில் நாடா, அதாவது நூலோடு இரண்டு பக்கமும் ஓடும் கூர்முனைக் கட்டை, வெளியே பறக்காமல் தடுக்கும் கம்பி இருக்கும். நூல் அறுந்தால் எடுத்துக்கட்ட இடைஞ்சலாக இருக்கிறது, வேலை குறைகிறது என்று முதலாளி அதைக் கழற்றச் சொன்னார். நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் நாடா பறந்து வந்து அவள் கண்ணில் அடித்தது. அவள் அப்பா வந்து நியாயம் கேட்டபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏம்புள்ள, கம்பிய அவளேதான கழட்டுனா? நீ பக்கத்துலதான இருந்த?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமாங்க" என்றேன். ஒரே வார்த்தை. ராணியை அவள் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவள் நல்ல கண்ணால் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதன் பிறகு அந்தப் பட்டறையில் நான் மூன்று வருஷம் வேலை செய்தேன். கூச்சம், சின்னப் பெண், வேறென்ன செய்வாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி இத்தனை காலம் ஓட்டினேன். கூச்சம் உண்மைதான். ஆனால் 'இல்லைங்க' என்று சொல்வதற்கும் அதே ஒரு வார்த்தைதான் ஆகியிருக்கும்.

இதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். நல்ல அம்மா என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது, அதனால் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் நாம் செய்த நல்லதை மட்டுமே சொல்லி வளர்க்கிறோம். தப்புச் செய்தால் அடுத்த நாள் எப்படி எழுந்து நடமாடுவது என்று அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. ஒப்புக்கொண்டாலும் ஒருவன் செத்துவிட மாட்டான் என்று நீ எங்கேயும் பார்த்ததில்லை. அந்தப் பங்கு என்னுடையது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். உன் பங்கை உனக்காக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நீ போன பிறகு மூன்று நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மெஸ், வீடு, மெஸ், வீடு. செல்வம் கவிதாவிடம் தானே சொல்லிவிடுவான், நான் எதற்கு என்று இருந்தேன். நாலாம் நாள் கவிதாவே போன் பண்ணினாள். "ஏனுங்கம்மா, ஒடம்பு சரியில்லைங்களா? ஆளையே காணமே" என்று கேட்டுவிட்டு, "நாளைக்குப் பதனோரு மணிக்குக் காயிதத்துல கையெழுத்துப் போட்டுரலாம்னு இருக்கோமுங்க. ஏதோ கவர்மெண்டு ஆபீசரும் விசாரிக்க வாராராமா" என்றாள். "செல்வம் என்ன சொல்றான்?" என்றேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். "மொதல்ல மாப்ள பக்கத்துல நின்னான், அவந்தான் கை வைக்கச் சொன்னான்னு ஒரே பேச்சுங்க. நாந்தான் சொன்னேன், அம்மாவே வந்து சொன்னாங்க, அவரு டீ குடிக்கப் போயிருந்தாருன்னு. அம்மா பொய் சொல்லுவாங்களான்னேன். ரெண்டு நாளா மோட்டுவளையப் பாத்துட்டே கெடந்தாரு. இன்னிக்குக் காத்தால அவரே சொல்றாருங்க, 'அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், நானேதான் திறந்திருப்பேனாட்ட இருக்குது, எனக்குத்தான் புத்தி கலங்கிப்போச்சு'ன்னு."

போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அவன் கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை, என் பேரைச் சொல்லி அவனிடமிருந்து பிடுங்கியாயிற்று. கைகள் வெந்தது வெடிப்பில். வலது கையில் இனி உணர்ச்சி திரும்பாது, சூடு குளிர் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தது அவன் புத்தி. அதையும் நீயும் நானும் சேர்ந்து எடுத்துவிட்டோம். அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்தால் அவனுக்கு நியாயமாகச் சேர வேண்டியது எதுவும் சேராது. அதைவிட, தன் குழந்தையிடம் கூட அவன் வாழ்நாள் முழுக்க, 'அப்பா தானாகக் கெடுத்துக்கிட்டேன் சாமி' என்று சொல்லிக்கொண்டிருப்பான். நான் போய்ப் பேசினால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீ நினைக்கிற மாதிரி தெரியாமல் செய்யவில்லை. அன்று பகல் முழுக்க அதை மட்டும்தான் நினைத்தேன். நீ லாக்கப்பில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். பிறகு செல்வம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதை நினைத்துப் பார்த்தேன்.

நேற்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் வார்டில் இருந்தேன். கவிதாவைச் செல்வத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். எங்கே பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் கட்டில் காலைப் பார்த்துச் சொன்னேன். "உன்ற புத்தி கலங்கல சாமி. அவன் பக்கத்துலதான் நின்னான். அவந்தான் திறக்கச் சொன்னான். எங்கிட்ட ஒப்புக்கிட்டான்." செல்வம் கண்ணை மூடிக்கொண்டான். இமையின் ஓரத்தில் நீர் இறங்கிக் கட்டுக்குள் போனது. "விடுங்கம்மா. மாப்ள பயந்திருப்பான்" என்றான். கவிதா விடவில்லை. என் எதிரில் வந்து நின்றாள். "தெரிஞ்சும் அஞ்சு நாளா சும்மா இருந்தீங்களா? இந்த வாயாலதான அன்னிக்கு எம்பட முதுக நீவிட்டே சொன்னீங்க? அவரு கிட்டப் போயி, ஏய்யா இப்படிப் பண்ணுன, எம்புள்ளைக்கு யாரு இருக்கறான்னு நான் அவரையே திட்டுனேனே… வெந்து கெடக்கற மனுசன…" என்றாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் அவளைத் தொடப் போகவில்லை.

பதினோரு மணிக்கு உங்கள் மேனேஜர் வந்தார். அவர் பின்னால் விசாரணை அதிகாரி, பையோடு ஒரு எழுத்தர். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டார்கள். மேனேஜர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "அட, நீங்களும் இருக்கறீங்களா? நல்லதாப் போச்சு. சார், இவங்க எங்க சூப்பர்வைசரோட அம்மா. இந்தக் குடும்பத்துக்கு ரொம்ப வேண்டியவங்க. இவங்களக் கேட்டாலே எல்லாம் சொல்லிருவாங்க" என்றார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்படிங்களாம்மா? உங்களுக்கு ஏதாவது சொல்றதுக்கு இருக்குதுங்களா?" என்றார். வார்டில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் தான் உட்காருவதற்காக இழுத்துவைத்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். என் பேரைச் சொன்னேன், உன் பேரைச் சொன்னேன். எழுத்தர் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, நடந்ததை முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தேன்.